மாணவர் பக்கம் திரும்பிய கேமரா

அந்த மருத்துவக் கல்லூரியில் அவரை எல்லோரும் வீடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியர்கள்கூட அக்கா என்பார்கள். அக்காவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கல்லூரிக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்தவர். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும், உட்கார்ந்தபடி எடுக்கிற வேலை எங்காவது கிடைக்காதா என்று தேடினார். ‘ஆசிரியர் மேம்பாட்டுப் பிரிவு’ என்று பலகை மாட்டிய ஒரு சின்ன அறையில் அது கிடைத்தது.

டாக்டராக இருப்பது வேறு, டாக்டருக்குப் படிப்பவர்களுக்குப் பாடம் சொல்வது வேறு என்பது கல்லூரிக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்த கையோடு திறந்த பிரிவு அது. அக்கா வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேராசிரியரைப் படம் பிடிப்பார். மூன்று பேர் கொண்ட குழு அந்த வீடியோவைப் பார்த்துப் பாதி மதிப்பெண் போடும். மீதிப் பாதியை மாணவர்கள் படிவத்தில் போடுவார்கள். முதல் வாரம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அக்கா தன் கணவரிடம், கல்யாணத்திலாவது நடுவில் சாப்பாடு போடுவார்கள், இங்கே ஒரு மணி நேரமும் வெறும் பேச்சுதான் என்று அலுத்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிற அந்த மனுஷர், சம்பளத்தோடு தூக்கமும் கிடைக்கிறதே, யாருக்கு வாய்க்கும் என்றார்.

தூக்கத்துக்குப் பேர்போனது உடலியங்கியல் பேராசிரியரின் வகுப்பு. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நேர்கோடு’. இதயம் நின்றுபோனால் திரையில் ஓடுமே ஏற்ற இறக்கமில்லாத ஒரு கோடு, அவர் குரலும் அப்படித்தான் ஓடும். ஐந்துக்கு மூன்றுக்குக் கீழே மூன்று தடவை வாங்கினால் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவரைத் தேர்வுத்தாள் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியாயிற்று. குரலில் ஏற்ற இறக்கம் தேவை என்று குழு எழுதிக் கொடுத்தது. மனுஷர் அதைச் சிரத்தையாகக் கடைப்பிடித்தார். அடுத்த வகுப்பில் ‘சோடியம்’ என்கிற இடத்தில் அவர் கத்திய கத்தலில் முதல் வரிசைப் பெண்ணின் பேனா கீழே விழுந்தது. அந்தத் தடவை இன்னும் குறைவாக வந்தது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. காரணம் இருந்தது. வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் சந்தேகம் கேட்கிற ஒரே ஒரு மாணவனுக்கு அவர் முக்கால் மணி நேரம், தன் உள்ளங்கையிலேயே படம் போட்டு விளக்குவதை அக்கா பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆளை வகுப்பை விட்டு அனுப்புவது அநியாயம் என்று அக்கா நினைத்தார். ஆனால் கேமரா பிடிக்கிறவரிடம் யார் யோசனை கேட்கப் போகிறார்கள்?

கடைசி மதிப்பீட்டுக்கு முன் ஒரு ஒத்திகைப் பதிவு வைத்தார்கள். அன்று பார்த்துக் கடைசி வரிசையில் பிளக் வேலை செய்யவில்லை. அக்கா முன் கதவோரம், கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பேராசிரியரை எடுத்தார். பிறகு கை தானாகக் கேமராவைத் திருப்பியது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்; மாப்பிள்ளை பெண்ணையே எவ்வளவு நேரம் எடுப்பது? வந்தவர்கள் முகமெல்லாம் விழ வேண்டும். ஒரு அத்தை முகம் விட்டுப்போனால் அந்த வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். மணி அடிக்கிறவரை அக்கா எல்லா மாணவர்களும் விழுகிற மாதிரி நிதானமாக எடுத்தார்.

மறுநாள் பிரிவு அறையில் பேராசிரியரையும் உட்கார வைத்து அதைப் போட்டுப் பார்த்தபோது, பத்து நிமிஷத்துக்குப் பிறகு திரையில் அவரைக் காணோம். பிரிவின் தலைவி எலும்பு டாக்டர். எதையும் பட்டென்று உடைத்துப் பேசுகிறவர். யாரைப் படம் எடுக்கச் சொன்னோம், யாரை எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டார். அக்காவுக்கு அப்படியே நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. தலைவி நிறுத்தப் போனார்.

“இருங்க மேடம், ஓடட்டும்” என்றார் பேராசிரியர்.

திரையில் நூற்றைம்பது முகம், பின்னணியில் அவர் குரல். பன்னிரண்டாவது நிமிஷம் மூன்றாம் வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். அது இரண்டே நிமிஷத்தில் ஏழாம் வரிசை வரை போய்ச் சேர்ந்தது. ஒரு பெண் செல்போனைப் பார்த்துச் சிரித்தாள். இருபதாவது நிமிஷத்தில் தலைகள் முக்கால்வாசி கவிழ்ந்திருந்தன. பேராசிரியர் தன் வகுப்பை முதன்முதலாகப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவர் பலகையைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்.

முப்பத்தொன்றாவது நிமிஷத்தில் திடீரென்று எல்லா முகமும் நிமிர்ந்தது. அப்போது அவர் போகிற போக்கில், தான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். கால் வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு நோயாளிக்கு, ரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறதே என்று சலைன், அதாவது உப்புநீர், ஏற்றச் சொன்னாராம். நர்ஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மாட்ட மாட்டேன் என்று நின்றாராம். வகுப்பே இமைக்காமல் பார்த்தது. “சரி, மன்னிச்சுக்கோங்க, இது பாடத்துல இல்ல” என்றது குரல். தலைகள் மறுபடி கவிழ்ந்தன.

அக்காவுக்கு அடக்க முடியவில்லை.

“சார், நீங்க மன்னிப்புக் கேட்ட இடத்துலதான் அவங்க குனிஞ்சாங்க.”

பேராசிரியர் அந்த இரண்டு நிமிஷத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்து போனார். கோபமோ என்று அக்கா பயந்தார். தலைவியோ, அடுத்த தடவை கேமரா ஆசிரியரை விட்டு அசையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடைசி மதிப்பீட்டு நாள் வந்தது. கேமராவை ஆசிரியர் பக்கம் இறுக்கித் திருகி வைத்துவிட்டு அக்கா காத்திருந்தார். வழக்கமாகப் பேராசிரியர் வந்து ஐந்து நிமிஷம் வருகைப் பதிவு எடுப்பார். அது முடிகிறபோது அக்கா பொத்தானை அழுத்துவார். அன்று அவர் கதவைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். கையில் ஒரு சலைன் பாட்டில். முதல் வரிசைப் பெண்ணிடம் அதைக் கொடுத்து, “நீதான் நர்ஸ். நான் மாட்டச் சொல்றேன். மாட்டுவியா, மாட்ட மாட்டியா?” என்றார். மாட்டலாம் என்று பாதி வகுப்பும் மாட்டக் கூடாது என்று மீதி வகுப்பும் பிடித்துக்கொண்டன. ஏன், ஏன் என்று கேட்டே அவர் சிறுநீரகத்துக்குள் அவர்களை இழுத்துக்கொண்டு போனார். பலகைப் பக்கம் திரும்பியது நாலைந்து தடவைதான். குரல் அதே குரல்தான், ஆனால் அன்று யாருக்கும் அது தெரியவில்லை.

மணி அடித்தபோதுதான் அக்கா கேமராவைப் பார்த்தார். பொத்தானை அழுத்தவே இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தாலியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. வீடியோ இல்லாவிட்டால் குழு போடுகிற பாதி மதிப்பெண் பூஜ்யம் என்பது விதி. மாணவர்கள் ஐந்துக்கு ஐந்தே போட்டாலும் மொத்தம் மூன்றைத் தொடாது. அந்த மனுஷரின் வகுப்பைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டோமே என்று அக்காவுக்கு அழுகை முட்டியது. நேரே குழு உட்கார்ந்திருந்த அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

தலைவி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் என்னதான் செய்தீர்கள், வகுப்பில் என்னதான் நடந்தது என்று கேட்டார்.

கேட்டது கோபத்தில்தான். ஆனால் அக்கா அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். மேஜையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக் காட்டி ஆரம்பித்தார். இதயம் சோர்ந்துபோனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவாக வருகிறது. உடம்பில் தண்ணீர் பற்றவில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு இருக்கிற இடத்தில் தண்ணீரும் தங்கிவிடும், கால் வீங்கும். பேராசிரியர் பலகையில் போட்ட படத்தைத் தன் உள்ளங்கையில் போட்டே காட்டினார்.

“அப்ப சலைன் ஏத்தினா என்ன?” என்றார் தலைவி. சிறுநீரகத்தை அவர் மாணவப் பருவத்தோடு மூட்டை கட்டி வைத்தவர்.

“ஏற்கெனவே தண்ணி ரொம்ப இருக்கு மேடம், இன்னும் ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். தண்ணி பத்தலைன்னு கிட்னி தப்பா நெனச்சுது. சின்ன வயசு டாக்டரும் அதையேதான் நெனச்சாரு. ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க.”

தலைவி பேனாவை மூடினார். “நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“பத்தாவது மேடம்.”

தலைவி மற்ற இருவரையும் பார்த்தார். இதற்கு மேல் என்ன வீடியோ வேண்டும் என்றார். அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். மூடிய பேனாவை மறுபடி திறந்து குழுவின் கட்டத்தில் ஐந்து என்று எழுதினார். மாணவர்கள் போட்டிருந்தது நாலரை.

வெளியே வராந்தாவில் பேராசிரியர் சலைன் பாட்டிலோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வகுப்பு உங்களுக்குத்தான் என்று அக்கா சொன்னார். வீடியோ நன்றாக வந்திருந்ததா என்று அவர் கேட்டார். எடுக்கவே இல்லை என்றதும் திகைத்துப்போய் நின்றுவிட்டார்.

“ஏன்க்கா எடுக்கல?”

“கேட்டுக்கிட்டே இருந்துட்டேன் சார்.”