மாமியாரோடு வந்த தேனிலவு

பாஸ்குவாலா கோழிக்கு இறகு பறித்துக்கொண்டிருந்தபோது போன் கூவியது. கை இரண்டும் ஈரம். குனிந்து மூக்கு நுனியால் தட்டித்தான் செய்தியை ஓடவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. என் பேரு ரெனாட்டா, கெரெத்தாரோவுல இருந்து பேசுறேன். கல்யாணமாகி ஒரு வருசம் ஓடிப்போச்சு, நாங்க ரெண்டு பேரும் எங்கயும் போனதில்ல. உங்க ஊர்ல ஒரு வாரம் இருக்கணும்னு ஆசை. கொஞ்சம் ரொமான்டிக்கா இருக்கணும். சாப்பாடு ஹலாலா இருக்கணும். உங்க பேரைத்தான் எல்லாரும் சொன்னாங்க."

மெக்சிகோவின் தெற்கு மலையூரான சான் கிறிஸ்டோபலுக்கு வரும் முஸ்லிம்கள் எல்லோரும் கடைசியில் பாஸ்குவாலாவின் சமையலறைக்குத்தான் வந்து சேர்வார்கள். அழகான ஊர்தான்; ஓட்டு வீடும் கல் பாவிய தெருவும் பார்க்க உலகமே வருகிறது. ஆனால் அவரையிலும் பன்றிக்கொழுப்பு, சோற்றிலும் பன்றிக்கொழுப்பு, காலையில் வாங்கும் ரொட்டியிலும் அதேதான். வெளியூர் விருந்தாளி ஒருவர் வந்த இடத்தில் வாழைப்பழத்திலேயே காலம் தள்ளுகிறார் என்று பள்ளிவாசலில் யாரோ சொல்ல, பாவம் என்று ஒரு வேளைச் சோறு போட்டு ஆரம்பித்தது. பிறகு மாடியில் இரண்டு அறை எழும்பியது. கணவன் தோமிங்கோ பழைய வேன் ஒன்றைப் பிடித்தான். அவன் ஊரைச் சுற்றிக் காட்டுவான், இவள் சமைப்பாள்.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டாள்.

"ஏய்யா, ரொமான்டிக்னா என்ன பண்ணணும்?"

"படகுல கூட்டிட்டுப் போகணும். சுமிதேரோ பள்ளத்தாக்குல."

"அங்க முதலையில்ல கெடக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன். முதலையப் பார்த்ததும் பொண்ணு பயந்துபோயி புருசன் கையப் பிடிச்சுக்குவா."

"பெரிய ஆளுதான். என்னைப் பொண்ணு கேட்டு வந்தியே, அன்னைக்கு என் கையப் பிடிச்சியா?"

"எங்கிட்டுப் பிடிக்க? ரெண்டு கையிலயும் சோடா பெட்டியில்ல இருந்துச்சு!"

உண்மைதான். தோமிங்கோவின் குடும்பம் மதம் மாறியதற்காகச் சாமுலா என்ற மலைக்கிராமத்திலிருந்து விரட்டப்பட்டு, சான் கிறிஸ்டோபலின் வடக்குச் சரிவில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்ட குடும்பம். முதலில் புராட்டஸ்டன்ட் வேதக்காரர்களாக இருந்தார்கள், பிறகு முஸ்லிம்களானார்கள். அவன் சந்தையில் மூட்டை தூக்கினான். பாஸ்குவாலா சாமுலாவிலிருந்து முள்ளங்கி கொண்டுவந்து விற்றாள். பழக்கம் அப்படித்தான் உண்டானது.

அவர்கள் வழக்கப்படி பெண் கேட்கப் போகிறவன் கரும்புச் சாராயம் கொண்டுபோக வேண்டும். சாராயம் இல்லாமல் போனால் பெண்ணின் அப்பாவுக்கு அவமரியாதை. தோமிங்கோ இரண்டு பெட்டி சோடாவைத் தூக்கிக்கொண்டு மலையேறினான்.

"இது கல்யாணமா, சின்னப் பிள்ளைங்க திருவிழாவா?" என்று அப்பா கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த மாதம் மறுபடி போனான். சோடாவோடு ரொட்டியும் வாழைத்தாரும். மறுபடி கதவு சாத்தப்பட்டது. மூன்றாவது தடவை ஒரு மூட்டைச் சோளத்தையும் முதுகில் கட்டிக்கொண்டு மழையில் நனைந்தபடி நின்றபோது, அப்பா உள்ளே திரும்பிச் சொன்னார்: "குடிக்காத பய. நம்ம பொண்ணை ராத்திரியில அடிக்க மாட்டான். குடுத்துருவோம்." தன் அம்மா பட்ட அடிகளைப் பார்த்து வளர்ந்த பாஸ்குவாலாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவன் தள்ளாடி வீட்டுக்கு வந்ததில்லை. அதற்காக அவள் அல்லாவுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. அவனிடம் மட்டும் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கேறிவிடும்.

ஒருவழியாக வாரத்துக்குத் திட்டம் தயாரானது. முதலைப் படகு, மோன்தெபெல்லோவின் ஏரிகள், சதுக்கத்தில் மரிம்பா இசை, மலைமேல் காப்பித் தோட்டம். எங்கே போனாலும் பாஸ்குவாலா கட்டிக்கொடுத்த சாப்பாடு. எல்லாம் முடிவான பிறகு ரெனாட்டாவின் அடுத்த செய்தி வந்தது. குரல் சுருதி இறங்கியிருந்தது.

"அக்கா, ஒரு சின்ன விசயம். எங்கம்மாவும் வர்றாங்க. வரவேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன். டிக்கெட் எடுத்துட்டாங்க."

தோமிங்கோ விழுந்து விழுந்து சிரித்தான். "மாமியாரக் கூட்டிக்கிட்டுத் தேனிலவா? முதலையே பரவாயில்லையே!"

வந்திறங்கியபோது விசயம் விளங்கிவிட்டது. ரெனாட்டாவின் அம்மா எவுலாலியா, மரியாதைக்குத் 'தோன்யா' எவுலாலியா, வேனில் மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். மருமகன் ஃபவாஸ் சிரியாவிலிருந்து படிக்க வந்து, கெரெத்தாரோவிலேயே வேலை தேடிக்கொண்ட அமைதியான பையன். மாமியாரின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒடுங்கியிருந்தான்.

"நீதான் சமையல்காரியா?" என்றார் தோன்யா, பாஸ்குவாலாவின் கம்பளிப் பாவாடையை மேலும் கீழும் பார்த்து.

"ஆமா தோன்யா. உள்ள வாங்க. குளிருக்குச் சூடா ஏதாவது குடிங்க."

"எனக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம். நான் வெளிய சாப்பிட்டுக்குவேன். எனக்கு எந்தத் தடையும் கெடையாது."

மறுநாள் படகிலும் தோன்யாதான் நடுவில். முதலை தலைதூக்கியபோது அவர்தான் அலறி மருமகன் கையைப் பிடித்துக்கொண்டார். அதைச் சொல்லிச் சொல்லி தோமிங்கோ ஓய்ந்துபோனான். "திட்டம் பலிச்சுருச்சு, ஆனா ஆளு மாறிப்போச்சு."

பாஸ்குவாலா சிரிக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். வெளியே சாப்பிடுவேன் என்ற தோன்யா வெளியே போகவில்லை. மேசை ஓரத்தில் உட்கார்ந்து, மகள் கோழிக் குழம்பைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தவர் பார்வை மாதிரி இருந்தது. ஆனால் சோற்றுப் பசி இல்லை.

"நாளைக்கு நீ அவுங்கள மட்டும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போ," என்று கணவனிடம் சொன்னாள். "இந்தம்மாவ நான் பாத்துக்கிறேன்."

காலையில் தோன்யாவிடம், "எனக்குச் சந்தைக்குப் போகணும். கூட ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்," என்றாள். சந்தை என்றதும் தோன்யாவின் முகம் மாறியது. சந்தையைக் கண்டால் மாறாத முகம் மெக்சிகோவில் ஏது?

காய்கறிப் பக்கமெல்லாம் அவர் நன்றாகத்தான் வந்தார். தக்காளியை அமுக்கிப் பார்த்தார், மிளகாயை முகர்ந்தார், பூசணிப்பூக்காரியிடம் வாயாடினார். பன்றிக் கறிக்கடை வரிசைக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. வெள்ளை வெளேரென்று வாளி வாளியாகக் கொழுப்பு.

"எங்கம்மா இதுலதான் தமாலுக்குச் சோளமாவு பிசைவாங்க. நானும் அப்படித்தான்," என்றார். "எம்பொண்ணு முஸ்லிமாயிட்டா. போன கிறிஸ்மஸுக்கு என் மேசையில உக்காந்து தன் டப்பாவத் தொறந்தா. வீட்டுல இருந்து கட்டிக் கொண்டாந்த சோறு. நான் பெத்த பொண்ணு, என் மேசையில, டப்பாச் சோறு! என் கையால இனி ஒரு வாய் சாப்பிட மாட்டாளா? அவ கட்டிக்கிட்டவனப் பத்திகூட எனக்குப் பெருசா இல்ல. நல்ல பையன்தான், பாத்தாலே தெரியுது. ஆனா நான் என்னத்தப் போட்டு அவளக் கூப்பிடுவேன்?"

சந்தை நடுவில் நின்று அழுதார். கறிக்கடைக்காரன் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பாஸ்குவாலா அவரை முழங்கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் ஒரு சாக்கின் மேல் உட்காரவைத்தாள்.

"தோன்யா, நான் முஸ்லிமானப்ப எங்கம்மாவும் என் வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கல. வாசப்படியே மிதிக்கல. மூத்தவன் பொறந்து நாப்பது நாளுகூட ஆகல. காலையில கதவத் தட்டுற சத்தம். தொறந்தா எங்கம்மா. சால்வைக்குள்ள என்னமோ துடிக்குது. கால்கட்டுப் போட்ட கோழி. 'நான் அறுத்துக் கொண்டாந்தா நீங்க தின்ன மாட்டீங்களாமே. இந்தா, உசுரோட கொண்டாந்துட்டேன். உன் புருசன உங்க முறைப்படி அறுக்கச் சொல்லு'ன்னாங்க. அன்னைக்குத்தான் எங்கம்மா என் வீட்டுல சாப்பிட்டாங்க. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் வெறுங்கையோட வந்ததில்ல. கோழியோடதான் வருவாங்க."

தோன்யா மூக்கைச் சிந்தினார். பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"உயிர்க்கோழி எங்க விக்கிறாங்க?"

பேரம் பேசியது அவர்தான். இருப்பதிலேயே கொழுத்த இரண்டு கோழியைத் தேர்ந்தெடுத்தார். தோமிங்கோ ஏரிக்குப் போய்விட்டதால் பக்கத்து வீட்டு முஸ்லிம் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் அல்லாவின் பேரால் பிஸ்மி சொல்லி அறுக்கும்வரை தோன்யா கண்ணெடுக்காமல் நின்று பார்த்தார். மகளுக்குச் சாட்சி சொல்ல வேண்டுமல்லவா?

பிறகு இரண்டு பெண்களும் ஒரு மாவோடு மல்லுக்கட்டினார்கள். கோழிச் சாற்றின் மேலே மிதந்த மஞ்சள் கொழுப்பை வழித்துச் சோளமாவில் ஊற்றிப் பிசைந்தார்கள். தோன்யா ஒரு சிட்டிகை மாவை உருட்டித் தண்ணீர்க் குவளையில் போட்டார். நல்ல மாவென்றால் மிதக்க வேண்டும். கல்லாய் மூழ்கியது.

"சொன்னேன்ல? பன்னிக்கொழுப்பு இல்லாம வராது."

"கை வலிக்குதுன்னு சொல்லுங்க. இங்க தள்ளுங்க, நான் அடிக்கிறேன்."

"யாருக்குக் கை வலிக்குது? நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து தமால் பிசையறேன்!"

மாற்றி மாற்றி அடித்தார்கள். தோள் கழன்று விழுவதுபோல ஆனபோது தோன்யா இன்னொரு உருண்டையைப் போட்டார். அது மெல்ல இறங்கி, யோசித்து, மேலே வந்தது. "வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டு மாவுக் கையோடு பாஸ்குவாலாவைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் தமாலைச் சுற்றி அவிக்க வாழையிலையா சோளத் தோகையா என்று ஒரு சண்டை. வீடு பாஸ்குவாலாவுடையது, ஆகவே வாழையிலை ஜெயித்தது.

இளஞ்சோடி நன்றாக மழையில் நனைந்து, ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு சிரித்தபடி வந்திறங்கியது. உள்ளே வந்ததும் ரெனாட்டா அப்படியே நின்றாள். அம்மா அடுப்படியில் நின்றிருந்தார், இடுப்பில் பாஸ்குவாலாவின் சமையல் துணி.

"உக்காரு. சாப்பிடு."

மகள் பாஸ்குவாலாவைப் பார்த்தாள்.

"அவளை ஏன் பாக்குற? என்னைக் கேளு. கோழி நான் வாங்குனது. அறுத்தத என் கண்ணால பாத்தேன். கொழுப்பும் அதே கோழியோட கொழுப்பு. மாவு அடிச்சது நான்."

"பாதி நான் அடிச்சேன்," என்றாள் பாஸ்குவாலா.

"கால்வாசி!"

ரெனாட்டா இலையைப் பிரித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு வாய் வைத்தாள். மென்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே இன்னொன்றை எடுத்தாள். ஃபவாஸ் தட்டில் இலைகள் மலையாகக் குவிந்தன. அவனுக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், "அம்மா, இது… நான் நாளை காலையும் விரும்புகிறேன்," என்றான்.

"பாருங்க, ஒரு வருசமா வாயத் தொறக்காதவன் சோத்துக்குத் தொறக்கிறான்," என்று தோன்யா அவன் தட்டில் மேலும் ஒன்றை வைத்தார். அம்மா என்று அவன் அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. அதை அவர் கவனிக்காததுபோல் இருந்துகொண்டார். காது நுனி சிவந்ததைப் பாஸ்குவாலா பார்த்தாள்.

மிச்ச நாட்களில் வேனில் நடுவில் யாரும் உட்காரவில்லை. சதுக்கத்தில் மரிம்பா வாசித்தபோது ரெனாட்டா ஃபவாஸின் தோளில் சாய்ந்திருந்தாள் என்று தோமிங்கோ வந்து சொன்னான். தோன்யா அடுப்படியை விட்டு நகரவில்லை. ரொட்டியை வெண்ணெயில் சுட்டுப் பார்த்தார், அவரையை எண்ணெயில் தாளித்துப் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லி ஒவ்வொன்றையும் வழித்துச் சாப்பிட்டார்.

டிசம்பரில் கெரெத்தாரோவிலிருந்து ஒரு படம் வந்தது. நீள மேசை, நிறையத் தமால், டப்பா ஏதும் இல்லை. பாஸ்குவாலா அதை வெகுநேரம் பார்த்தாள். அன்று தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து எழ அவளுக்கு மனம் வரவில்லை. எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து நன்றி சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தில் தோன்யா எவுலாலியா வந்து நின்றார். தனியாக, முன்கூட்டிச் சொல்லாமல்.

"எங்க தோன்யா மகளும் மாப்பிள்ளையும்?"

"அவங்க எதுக்கு? இது என் தேனிலவு," என்றார்.

சாயங்காலம் இருவரும் ஊருக்குள் நடந்தார்கள். மழை விட்டிருந்தது, கல் வழுக்கியது. தோன்யா விழுந்துவிடுவோமென்று பாஸ்குவாலாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த நடைபாதையில் ஒருகாலத்தில் பாஸ்குவாலாவைப் போன்ற மலைக்காரர்கள் கால் வைக்கக் கூடாது. எதிரே ஊர்க்காரர்கள் வந்தால் தெருவில் இறங்கி நிற்க வேண்டும் என்று பாஸ்குவாலாவின் அப்பா சொல்லியிருக்கிறார். எதிரே ஒரு கூட்டம் வந்தது. இரண்டு பெண்களும் ஒதுங்கவில்லை. தோன்யா அவரைக்குத் தாளிப்பது பற்றி ஏதோ வாதம் செய்துகொண்டிருந்தார், பாஸ்குவாலா விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் விலகி வழி விட்டார்கள்.