மூடி வைத்த தட்டு

பூப்பறிக்கிற நோம்பியன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் பட்டுச்சேலை கட்டி, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, கூட்டமாக ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள். பொங்கல் முடிந்து வரும் இந்த நோம்பிக்கு வீட்டில் இருக்கிற பெண் என்று ஒருத்தியைக்கூடப் பார்க்க முடியாது. இந்த வருடம் நான் முதலிபாளையத்தில் என் தையல் யூனிட்டில் உட்கார்ந்து, குழந்தைத் துணிகளுக்குள் உடைந்த ஊசி முனை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று காலையில் யாராவது வந்து "நோம்பிக்குப் போகலீங்களா" என்று கேட்டிருந்தால் கடித்து வைத்திருப்பேன்.

என் யூனிட் பெரியதில்லை. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியிடமிருந்து வெட்டிய துணியை வாங்கி, கைக்குழந்தைகளுக்கான உடுப்பாகத் தைத்துக் கொடுக்கிறோம். அதுபோன்ற ஒரு கம்பெனியில் வெகுகாலம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்து, அடுத்தவனுக்கு அழுதது போதும் என்று வேலையை விட்டு ஆரம்பித்தது. இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் கண்டுபிடித்து ஒட்டிக் காட்டவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் சரக்கு நகரக்கூடாது. பெரியவர்கள் துணி என்றாலே அப்படி. இதுவோ பிறந்த குழந்தை போடுகிற துணி.

நோம்பியன்று காலை, மறுநாள் வண்டி வந்து சரக்கு ஏற்றவேண்டிய நிலையில், என் டெய்லர் ஒருவன் தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து போன் செய்தான்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும். வையாதீய. பொங்கலுக்கு ஊருக்கு வர்ற அன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாயிட்டு. கடைசிக் கட்டுல ஊசி ஒடஞ்சிட்டு. முனை கெடைக்கல. வேற ஊசி மாட்டித் தச்சு முடிச்சிட்டு ஓடியாந்துட்டேன். அன்னையிலருந்து ஒறக்கமே இல்லக்கா."

திட்ட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். முனை போன ஊசியை மெஷின் மீதே டேப் போட்டு ஒட்டியிருப்பதாகச் சொன்னான். போய்ப் பார்த்தேன், இருந்தது. ஆனால் அவன் தைத்த கடைசிக் கட்டு எது என்று இனித் தெரியாது. அவன் ஊருக்குப் போன அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சைஸ் வாரியாகப் பிரித்து மூட்டை கட்டிவிட்டுத்தான் யூனிட்டைப் பூட்டியிருந்தேன். முனை எந்த மூட்டையிலும் இருக்கலாம்.

டெய்லர்கள் எல்லோரும் ஊரில். பக்கத்திலேயே குடியிருக்கும் கட்டிங் மாஸ்டர் மட்டும் வந்தார். வந்தவர் யோசனை சொன்னார்.

"அம்மிணி, அவிங்க எக்ஸ்போர்ட் கம்பெனியில மெட்டல் டிடெக்டர் இருக்குதுங்களே. அதுல சிக்குனா சிக்கட்டும். சிக்காமப் போச்சுன்னா நம்ம நல்ல நேரமுங்க."

"சிக்காமப் போச்சுன்னா ஏதோ ஒரு குழந்தையோட கழுத்துல குத்துமுங்க" என்றேன். சிக்கினாலும் என் கதை முடிந்தது. ஊசியோடு சரக்கு அனுப்பிய யூனிட்டுக்கு இந்த ஊரில் மறுபடி யாரும் துணி தரமாட்டார்கள். நோம்பிக்கு எல்லா கம்பெனியும் பூட்டு, டிடெக்டர் இரவல் கேட்கவும் ஆளில்லை. மலைபோல் மூட்டைகள், நாங்கள் இரண்டு பேர்.

அப்போதுதான் தட்டு ஞாபகம் வந்தது.

கோயமுத்தூரில் நான் படித்த பெண்கள் கல்லூரி ஹாஸ்டலில் ஒரு வழக்கம். முதல் வருடம் சேர்கிற ஒவ்வொருத்திக்கும் சீட்டுக் குலுக்கி ஒரு சீனியரைக் கொடுப்பார்கள். அவளுக்குத் தட்டக்கா என்று பெயர். தங்கச்சி சாப்பாட்டுக்கு வரத் தாமதமானால் தட்டக்கா அவளுக்குச் சோறு வாங்கி, இன்னொரு தட்டால் மூடி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவள் வரும்வரை தானும் சாப்பிடக்கூடாது. வந்ததும் எங்கே போனாய், ஏன் அழுதாய் என்று எதுவும் கேட்கக்கூடாது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கேள்வி. சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் தட்டு மட்டும் உண்டு.

எனக்கு வாய்த்த தட்டக்கா தாராபுரத்துக்காரர். பின்னாளில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஆனவர், அன்றைக்கே அப்படித்தான் இருந்தார். கல்லூரி முடிந்தும் அந்த உறவு விடவில்லை. என் முதல் வேலைக்குச் சொல்லிவிட்டவர் அவர். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர். கூடப்பிறந்தவள் இல்லாத எனக்குக் கடவுள் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பிறகு எங்கள் பழைய மாணவியர் சங்கம் வந்தது. முதலில் வருடம் ஒருமுறை கூடி, யார் குண்டாகிவிட்டாள் என்று பார்த்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தோம். தட்டக்கா விடுவாரா? ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஹாஸ்டல்களுக்குப் போய், அங்கே தங்கி வேலை செய்கிற பெண்பிள்ளைகளுக்குத் தட்டக்காவாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பரீட்சைக்குப் பணம் கட்டுவது, டாக்டரிடம் கூடப் போவது, பேங்கில் பேசுவது, சும்மா பக்கத்தில் உட்காருவது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு வருடக் கூட்டத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், இனி நான் ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கக் கற்றுக்கொடுப்பேன் என்று மைக்கில் அறிவித்துவிட்டார். கை தட்டல் வேறு.

அப்போதுதான் நான் யூனிட் ஆரம்பித்திருந்தேன். தூங்குவதற்கே ஞாயிறுதான். "என் ஞாயித்துக்கிழமைய எடுத்துக் குடுக்க நீங்க யாருங்க்கா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் மண்டபத்தைவிட்டு வெளியே வந்தேன். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம். அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவருக்கு வீம்பு, எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

சங்கத்து வாட்ஸப் குரூப்பில் யாருக்காவது கஷ்டம் என்றால் ஒரே வரிதான் போடுவோம். தட்டு எடுத்து வையுங்கள் என்று. காரணம் சொல்ல வேண்டாம், இடம் மட்டும் போதும். அதைப் போடுவதற்குள் எனக்கு விரல் பத்துத் தடவை பின்வாங்கியது. குழந்தைகளின் கழுத்தை நினைத்துக்கொண்டு போட்டேன்.

முதலில் வந்து நின்றது தட்டக்காவின் ஸ்கூட்டர். நோம்பிப் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம், கையில் சோற்றுத் தூக்குப்போசி. என் முகத்தைப் பார்த்தார். என்ன, ஏன் என்று ஒன்றும் இல்லை.

"என்ன செய்யோணும், சொல்லு."

சொன்னேன். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் மூட்டையைப் பிரித்தார்.

பின்னாலேயே பல் டாக்டர் தோழி வந்தாள். "நாள் பூரா அடுத்தவிங்க வாய்க்குள்ள இதையேதான் தேடறேன், நோம்பியன்னிக்கும் விடமாட்டியா புள்ள?" என்றபடி தரையில் உட்கார்ந்தாள். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவள், தேங்காய்ப் பருப்பில் கலந்துவரும் ஆணி, கம்பிகளைப் பிடிக்கிற காந்தக்கட்டைகளைக் காரில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் காருக்குப் பின்னால் ஒரு வேன். அதிலிருந்து மில் ஹாஸ்டல் பிள்ளைகள் இறங்கினார்கள். தூரத்து ஊர் என்பதால் பொங்கலுக்குப் போகாதவர்கள், பூப்பறிக்க என்று தட்டக்கா கூட்டிப்போக இருந்தவர்கள். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் என் ஞாயிற்றுக்கிழமையைத் தர மாட்டேன் என்று நான் கத்தியிருந்தேன். அவர்கள் தங்கள் நோம்பியைக் கொண்டுவந்து என் யூனிட்டில் இறக்கினார்கள். எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஒவ்வொரு உடுப்பாக விரித்து, தையல் ஓரத்தை விரலால் நீவி, காந்தத்தைத் தடவி, அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். பேச்சும் பாட்டுமாகத்தான் நடந்தது, பூப்பறிக்கப் போனால் எப்படியோ அப்படியே. மத்தியானம் முறைபோட்டுக் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. பார்க்காத மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. முனை கீழே விழுந்து குப்பையோடு போயிருந்தால்? துணியில் இல்லை என்று எதை வைத்து நம்புவது?

வெயில் சாய்கிற நேரம், தட்டக்கா கையிலிருந்த காந்தம் 'டிக்' என்றது. வெள்ளை உடுப்பு, கழுத்துப் பட்டியின் மடிப்பு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதானா பாரு."

எள்ளுக்குப் பாதி இருக்கும். டேப்பில் ஒட்டியிருந்த மீதி ஊசியோடு வைத்துப் பார்த்தேன். டாக்டர் அதைப் பிடுங்கிச் சரியாக வைத்தாள். உடைந்த இடம் அப்படியே பொருந்தியது. குறை ஒன்றும் இல்லை. வயிற்றில் பாலை வார்த்தாற்போல இருந்தது எனக்கு. தரையில் உட்கார்ந்து, துணிக் குவியலில் முகம் புதைத்து அழுதேன். பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். தூத்துக்குடிக்குப் போன் போட்டு, "கெடச்சிருச்சு, தூங்குடா" என்றேன். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

மறுபடி மூட்டை கட்டி முடித்து, தட்டக்கா தவிர எல்லோரும் கிளம்பினார்கள். திரும்பிப் பார்த்தால், கட்டிங் டேபிள் மூலையில் ஒரு எவர்சில்வர் தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. தட்டக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். அரிசியும் பருப்புஞ் சோறு, ஆறியிருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்தேன், இப்போது கேட்பார் என்று தெரியும்.

"கோவம் போச்சா?"

"போச்சுங்க்கா. உங்களுக்கு?"

"எனக்கு எங்க கோவம்? அன்னிக்கு மண்டபத்துல உனக்கு இப்படித்தான் எடுத்து மூடி வச்சேன். பொழுது சாஞ்சு வாட்ச்மேன் பூட்ட வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். நீ வரவே இல்ல."

"நீங்க சாப்பிட்டீங்களா அன்னிக்கு?"

"நீ வராம எப்படிச் சாப்பிடறது?" என்றார், இது ஒரு கேள்வியா என்பதுபோல.

அப்போதுதான் தூக்குப்போசியைப் பார்த்தேன். அடியில் இன்னொரு ஆளுக்குச் சோறு அப்படியே இருந்தது. தட்டைக் கழுவி, நான் பரிமாறினேன்.