ஆம்பூரிலிருந்து வேலூருக்கு: ஒரு கையெழுத்துக்காக ஐம்பது கிலோமீட்டர்

அருவி, கோயில், நல்ல மெஸ் என்று எழுதுவதுதான் இந்தப் பக்கத்தின் வழக்கம். இந்தப் பயணத்தில் அருவி கிடையாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பரம் வீட்டில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்த நேரத்தில், ஆம்பூரிலிருந்து என் தம்பி மனைவி மலர் போன் செய்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். அவள் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறேன்.

மலருக்கு முப்பத்து நான்கு வயது. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் லைனில் பதினான்கு வருடமாக வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், இருவரும் பள்ளியில். அடுத்த மாதம் அவளை லைன் சூப்பர்வைசராக ஆக்குவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். என் தம்பி லாரி ஓட்டுகிறான். அன்றைக்குக் கான்பூரில் இருந்தான், திரும்பிவரப் பன்னிரண்டு நாள் ஆகும்.

"அக்கா, எனக்குத் தள்ளிப் போய்டுச்சு. ஸ்கேன் எடுத்துட்டேன். எட்டு வாரம் ஆகப்போவுதாம். எனக்கு இது வேணாம்க்கா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன், கூட வர்றியா?"

ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரையிலேயே முடியும், அதைத் தாண்டினால் வேறு சிகிச்சை, கூடுதல் லீவு என்று ஸ்கேன் சென்டரில் சொல்லியிருக்கிறார்கள். தம்பி வரும்வரை காத்திருந்தால் அந்த ஒன்பது வாரம் தாண்டிவிடும். நான் அடுப்பை அணைத்தேன், பையை எடுத்தேன். அம்மாவிடம் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போகிறேன் என்று ஒரு பொய் சொன்னேன். பேரன் வேண்டும் என்று ஐந்து வருடமாகப் புலம்பும் அம்மாவிடம் வேறென்ன சொல்வது?

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், பத்து ரூபாய். எதிரே சென்ட்ரலில் மதிய எக்ஸ்பிரஸ். உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பு டிக்கெட் 95 ரூபாய். காட்பாடியில் பாதிக் கூட்டம், அதாவது காலேஜ் பிள்ளைகள் மொத்தமும், பெட்டியோடு இறங்கிவிடும். அதுவரை நின்றுகொண்டு வந்தாலும் அங்கே இடம் கிடைக்கும். அங்கிருந்து ஐம்பத்திரண்டு கிலோமீட்டரில் ஆம்பூர். நான்கரை மணிக்கு இறங்கினேன்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் மலரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினாள்.

"நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"

"நாத்தனார்."

அவள் புருவம் நெற்றிக்கு ஏறி இறங்கியது. நாத்தனார் என்றால் தடுக்கத்தானே வருவாள், இவள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்ற ஆச்சரியம். இதைப் பிறகு மூன்று இடங்களில் பார்த்தேன், அதனால் பழகிவிட்டது.

"ஹஸ்பண்ட் சைன் இல்லாம டாக்டரையே பாக்க முடியாது மேடம். அவரை நேர்ல வரச் சொல்லுங்க."

"அவர் கான்பூர்ல இருக்காரு."

"அப்ப அவர் வந்தப்புறம் வாங்க."

மலர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிமிடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எம்.காம். படித்தவள், இருபது வருடம் ஆபீசில் குப்பை கொட்டியவள், கணவன் கையெழுத்து சட்டப்படி தேவை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டிய பாய்க்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல பேச்சுக்காரர். கருக்கலைப்புப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டேன்.

"அதெல்லாம் கவர்மெண்ட்ல தடை பண்ணிட்டாங்கம்மா. ஸ்கேன் சென்டர்ல எவ்ளோ பெரிய போர்டு வச்சிருக்கான், பாக்கலியா? சட்டப்படி குற்றம்னு போட்டிருக்கே. இதுல போய் மாட்னா பேஜார்."

அந்தப் போர்டு ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பதுதான் குற்றம் என்கிறது. ஊர் முழுக்க அதன் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, கலைப்பதே குற்றம் என்று முடிவு கட்டியிருக்கிறது! பாயிடம் அதைச் சொன்னேன். வண்டியை ஸ்கேன் சென்டர் எதிரில் நிறுத்தி, வாய்விட்டு முழுவதும் படித்துப் பார்த்தார். "அடே, ஆமாம்மா. தினம் நாலு தபா இந்தப் பக்கம் வர்றேன்" என்று சிரித்தார்.

பாயைப் பார்த்த பிறகுதான் எனக்கும் புத்தி வந்தது. நானும் பிறர் சொன்னதைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறேன்? பிரியாணிக் கடையில் உட்கார்ந்து (மட்டன் 220, கத்தரிக்காய் தொக்கு கேட்டால் மறுபடி வைப்பார்கள்) எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார். பதினெட்டு வயது நிறைந்தவள் என்றால் அவள் சம்மதம் ஒன்றுதான் சட்டம் கேட்பது, கணவன் கையெழுத்து எந்தப் பிரிவிலும் இல்லை. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மலர் பிரியாணியை விட்டுவிட்டு அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். வேலூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று வழி சொன்னதும் வக்கீலம்மாதான்.

மாலை தம்பி கூப்பிட்டான். மலர் ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "நான் வந்தப்புறம் பேசிக்கலாமே. அவசரம் இன்னா? ஒருவேள பையனா இருந்தா..." என்று இழுத்தான். நான் போனைப் பிடுங்கித் திட்டப் போனேன். மலர் கொடுக்கவில்லை.

"இருக்கா, நான் பேசிக்கிறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவனிடம் பேசினாள். "ரெண்டு பொண்ணுங்களையும் காலேஜ் வரைக்கும் படிக்க வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு ரெண்டு போதும். நாளைக்குப் போறேன். உங்கள்ட்ட சொல்றேன், கேக்கல."

லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "பத்திரமாப் போய்ட்டு வா" என்றான். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன்.

செவ்வாய் காலை ஆறு நாற்பதுக்கு வேலூர் பஸ். ஐம்பது கிலோமீட்டர், 48 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். இது வெளியூர்ப் பேருந்து, பெண்களுக்கு இலவசம் கிடையாது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். என் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் இருந்த பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ஒரு பெண் கருவைக் கலைக்க வேண்டுமென்றால் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

மலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் தொடையைக் கிள்ளினாள்.

புருஷன் என்றார் ஒருவர். மாமியாரும் சேர்ந்து போட வேண்டும் என்றார் இன்னொருவர். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி கோர்ட் ஆர்டர் வேண்டும் என்று அடித்துச் சொன்னாள். இத்தனை பேரில் ஒருவர்கூட அந்தப் பெண்ணே போட வேண்டும் என்று சொல்லவில்லை. வக்கீலம்மா சொன்னதைச் சொன்னேன். பஸ்சில் ஒரே சளசளப்பு.

பர்தாவில் இருந்த ஓர் அம்மா மெதுவாகச் சொன்னார். "எனக்கு நாலு பசங்க. நாலும் என் உசுருதான். ஆனா நாலாவது வேணுமான்னு என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

தோல் பதனிடும் டேனரி கேன்டீனில் சமைக்கும் எஸ்தர் என்ற அக்கா, கழுத்தில் சின்ன சிலுவை, கறாரான ஆள். "நானா இருந்தா பண்ண மாட்டேன். பாவம்னு நம்புறவ நான். ஆனா அது என் நம்பிக்க. அவ ஒடம்புக்கு இன்னொருத்தன் சைன் போடறது இன்னா நாயம்? ஆப்பரேசன் வலி அவனுக்கா வருது?"

மலர் அப்போதுதான் ஜன்னலிலிருந்து திரும்பினாள். எஸ்தர் அக்கா அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு இட்லியை எடுத்து, "சாப்ட்டியா நீ?" என்று அவள் கையில் வைத்தார்.

எட்டு மணிக்கு வேலூர். அங்கே உள்ள ஓர் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, டாக்டரம்மாவைப் பார்க்கப் பதினொன்று ஆனது. மூன்றே கேள்விதான். உடம்பு பற்றி இரண்டு, "யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?" என்பது மூன்றாவது. அந்த மூன்றாவதைக் கேட்கும்போது என்னை வெளியே நிற்கச் சொன்னார். அதுதான் சரி.

பிறகு நர்ஸ் ஒரு சம்மதப் படிவத்தைக் கொடுத்தார். மலர் பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினாள். பழக்க தோஷத்தில் பெயருக்குப் பக்கத்தில் கம்பெனி டோக்கன் நம்பர் 418 என்றும் எழுதிவிட்டாள். கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை நீட்டினாள்.

"கையெழுத்து?" என்றார் நர்ஸ்.

"கீழ யாரு சிஸ்டர் சைன் பண்ணணும்? டாக்டர்ட்ட குடுக்கணுமா?"

எனக்குப் புரியவில்லை, அவளே விளக்கினாள். கம்பெனியில் ஒவ்வொரு சீட்டிலும் தைத்தவளின் பெயரும் டோக்கன் நம்பரும் மேலே இருக்கும். கீழே கையெழுத்துப் போடுவது எப்போதும் சூப்பர்வைசர். பதினான்கு வருடத்தில் கேட் பாஸ், லீவு சீட்டு, ரிப்பேர் சீட்டு எதிலும் அவள் கீழே கையெழுத்துப் போட்டதில்லை.

நர்ஸ் படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். "இதுல ஒரே ஒரு கையெழுத்துத்தாம்மா. உங்களோடது."

"என்னுது மட்டுமா?"

"உங்களுது மட்டும்தான்."

மலர் பேனாவை வாங்கினாள். டோக்கன் நம்பரைக் கோடு போட்டு அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்தைத் தாண்டிப் பெரிதாகத் தன் பெயரை எழுதினாள். நர்ஸ் சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். வேலூர் கோட்டையைப் பிடித்த மாதிரி ஒரு கர்வம் எனக்கு. பன்னிரண்டே முக்காலுக்கு முதல் மாத்திரையை விழுங்கினாள். மொத்தச் செலவு, பஸ்சும் டீயும்தான்.

புதனன்று மலர் வீட்டில் ஓய்வெடுக்க, அம்மாவிடம் சொன்ன பொய்யை மெய்யாக்க நான் மட்டும் விரிஞ்சிபுரம் போனேன். வேலூருக்குப் பதினான்கு கிலோமீட்டர் முன்னால் நெடுஞ்சாலையில் இறங்கி ஆட்டோ, 60 ரூபாய். மார்க்கபந்தீஸ்வரர் வழித்துணை நாதர். நானும் அந்த வாரம் பார்த்தது அந்த உத்தியோகம்தான் என்பதால் கொஞ்சம் உரிமையோடே கும்பிட்டேன். வியாழக்கிழமை இரண்டாவது மாத்திரை. மதியம் இரண்டு வரை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வலி இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த திங்கள் கம்பெனி பஸ் ஏறிவிட்டாள்.

இதே வழியில் போக வேண்டியவர்களுக்குச் சில விஷயங்கள். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, பதினெட்டு நிறைந்திருந்தால் உங்கள் கையெழுத்துப் போதும். அதற்குக் கீழே என்றால்தான் பாதுகாவலர் கையெழுத்து. இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல், அதற்கு மேல் இருபத்து நான்கு வரை குறிப்பிட்ட சிலருக்கு இரண்டு டாக்டர்கள். ஆனால் நாள் தள்ளாதீர்கள். உங்கள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டம். மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடவே போடாதீர்கள். ஜாஸ்தி ரத்தப்போக்கு, காய்ச்சல் என்றால் உடனே ஓடுங்கள். ஆதார் அட்டை, தண்ணீர், மாற்றுத் துணி, எட்டு மணிக்கு முன்பே வரிசை. அரசு மருத்துவமனையிலும் யாராவது கணவர் கையெழுத்துக் கேட்டால் சண்டை வேண்டாம். அது எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து வரும் மறுபரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். மலர் போனாள். அதற்குள் ஊர் திரும்பிவிட்ட தம்பியும் கூடப் போனான். எல்லாம் சுத்தமாக முடிந்துவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அங்கே நடந்ததை எனக்குப் போனில் சொன்னது தம்பிதான்.

வெளியே வராந்தாவில் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மலரைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள்: "அக்கா, இதுக்கு வீட்டுக்காரர் வரணுமாக்கா?"

மலர் குரலைத் தாழ்த்தவில்லையாம். வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, "வேணாம்மா. உன் கையெழுத்து ஒண்ணு போதும்" என்றாளாம்.

"எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்கக்கா" என்றான் தம்பி.

"நீ இன்னா பண்ண?"

"நான் இன்னா பண்றது? எழுந்து அந்தப் பொண்ணுக்கு உக்கார எடம் குடுத்தேன்."