பச்சை ஆகாத வார்த்தைகள்

ஆரம்பப் பள்ளி டீச்சருக்கு எதற்குமே பயம் கிடையாது என்று நினைப்பவர்கள், முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடாத ஒரு மெஷினோடு நின்று பார்த்ததில்லை. நான் நின்றிருக்கிறேன். இதைப் படிக்கும் டீச்சர்களில் பலரும் நின்றிருப்பீர்கள். எனக்கு வீடு மயிலாப்பூர், வேலை அடையாற்றில் ஆற்றோரத்தை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். மூன்றாம் வகுப்பு. பத்தொன்பது வருஷ சர்வீஸ். அதில் போன வருஷம் பட்ட பயம் மட்டும் தனிக் கணக்கு.

துணி போட்ட போர்டு

முதலில் ஸ்மார்ட் போர்டு வந்தது. சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். தொட்டால் எழுதும், தொட்டால் பேசும் என்றார்கள். நான் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. தூசி படக் கூடாது என்று ஒரு பழைய புடவையைக் கிழித்து அதன் மேல் போட்டேன். தூசி ஒரு சாக்குதான். பத்து நாள் அந்தத் துணியை நான் எடுக்கவே இல்லை. கரும்பலகையில் பழையபடி எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போலவே இருந்தது.

பதினோராம் நாள், போர்டை மாட்டியவர் சரிபார்க்க வந்தார். துணியை விலக்கி ஆன் செய்தார். ஒரு கோடு கூடப் போடாத போர்டு பளபளவென்று இருந்தது. கெட்டுப் போய்விட்டால் என் தலையில் விழும் என்று பயந்ததை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "மேடம், யூஸ் பண்ணிக் கெட்டுப் போனா நான் வந்து சரி பண்ணிடுவேன். யூஸ் பண்ணாம கெட்டுப் போனா நான் என்ன பண்றது?" என்றார்.

வாயப்பயம்

அடுத்து டேப்லெட். பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்து திரையில் வருவதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். சரியாகப் படித்த வார்த்தை பச்சையாகும், தப்பானது சிவப்பாகும். யார் எவ்வளவு படிக்கிறார்கள் என்று நம்மைக் கேட்காமலே அது கணக்கெடுத்துக்கொள்ளும்.

எங்கள் பிள்ளைகள் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பார்கள். மழையை 'மயை' என்பார்கள். அர்த்தம் தெரியும், எழுத்தும் தெரியும், வீட்டில் பேசுகிற நாக்கு அப்படி. மெஷினுக்கு அது தெரியாது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. இரண்டு நாளில் வகுப்பே வாயைத் திறக்கப் பயந்தது. என்னிடம் கத்திப் பேசுகிற பிள்ளைகள் டேப்லெட்டைக் கண்டால் உதட்டை மடித்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "மிஸ், அதுக்கு எங்க வாய் புடிக்கல."

லீடர்

அதற்குப் பிறகு சிவப்பு எது வந்தாலும் மெஷின் மேல் பழியைப் போட்டேன். பவித்ராவுக்குச் சிவப்பு வந்தபோதும் அப்படித்தான். பவித்ரா என் வகுப்பு லீடர். இரண்டாம் வகுப்பிலும் நான்தான் அவளுக்கு டீச்சர். பாடப் புத்தகத்தை எடுத்தால் நிறுத்தாமல் படிப்பாள். யாராவது பார்வையிட வந்தால் அவளைத்தான் எழுப்பி விடுவேன். அவளுக்குப் புதிதாக ஒரு கதை கொடுத்தது டேப்லெட். நாலே வரி. 'ழ' என்ற எழுத்தே அதில் இல்லை. எல்லாம் சிவப்பு.

வேறு டேப்லெட் கொடுத்தேன். அதிலும் சிவப்பு. மத்தியானம் அவளைத் தனியாக உட்கார வைத்து, பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்துப் படிக்கச் சொன்னேன். அவள் விரல் ஒரு வரியில் இருந்தது. வாய் வேறொரு பாடத்தைச் சொன்னது, தடங்கலில்லாமல். படத்தைப் பார்த்தால்தான் அது எந்தப் பாடம் என்றே அவளுக்குத் தெரியும்.

ஒன்றரை வருஷம் நான் பாராட்டியது படிப்பை இல்லை, ஞாபக சக்தியை. அவளுக்குப் பாதி எழுத்துக்கூடத் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவந்தவள், என்னை நானே கேட்க வேண்டிய கேள்வி என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் அழவில்லை. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மிஸ், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வீட்டுக்கு வர பேப்பரெல்லாம் அம்மாவுக்கு நான்தான் படிச்சு சொல்றேன்."

கொசு மருந்து

எந்தப் பேப்பர் என்று கேட்டேன். கரண்டு பில், ரேஷன் கடை சீட்டு, மருந்துச் சீட்டு. கடைசியாக எது வந்தது என்றேன். இரண்டு வாரம் முன்பு வீடு வீடாக ஒரு நோட்டீஸ் கொடுத்தார்களாம். அதை என்னவென்று படித்தாய் என்று கேட்டேன். "கொசு மருந்து அடிக்க வராங்கன்னு" என்றாள்.

பவித்ரா வீடும் ஆற்றோரம்தான். அந்த வீடுகளை இடித்து எடுக்கப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியையிடம் இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். நடை இல்லை, ஓட்டம். நோட்டீஸ் காலண்டருக்குப் பின்னால் செருகி இருந்தது. மாற்று வீடு வேண்டுபவர்கள் ரேஷன் கார்டு, ஆதார் கார்டோடு முகாமுக்கு நேரில் வந்து பெயர் பதிய வேண்டும். கடைசி நாளைப் பார்த்தேன். அன்றைக்குத்தான். மாலை ஐந்து மணி வரை. என் வாட்சில் மூன்றேகால்.

பவித்ராவின் அம்மா அம்சா, பக்கத்துத் தெருக்களில் நாலு வீட்டில் வேலை செய்கிறாள். போன் போட்டதும் ஈரக் கையோடு வந்தாள். நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். மகள் மேல் கை ஓங்குவாள் என்று பயந்து நடுவில் நின்றேன். அவள் ஓங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "பக்கத்து வூட்டுக்காரி முகாமுக்கு வரியான்னு கூப்ட்டா டீச்சர். நம்மளுக்கு வந்த பேப்பர் வேறன்னு சொல்லி அனுப்சிட்டேன். படிச்ச பொண்ணு வூட்ல கீது, எவளையும் கேக்கத் தேவையில்லன்னு இருந்துட்டேன்."

பத்து விரல்

ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். ஒரு சமூக நலக்கூடத்தில் முகாம். வரிசை பெரிதாக இல்லை. அதுவே பயமாக இருந்தது. வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்து போய்விட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் முறை வந்தபோது நாலரை. கார்டுகள் சரியாக இருந்தன. கைரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை.

வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்த கை. ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. பதிவு செய்பவர் துணியால் துடைத்து வைக்கச் சொன்னார். இல்லை. இடது கை. இல்லை. பக்கத்து மேஜையில் பேப்பர்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பவித்ரா என் பக்கமே திரும்பவில்லை. அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் பொறுமையாக ஒவ்வொரு விரலாக எடுத்து அழுத்தினார். இடது மோதிர விரலில் மெஷின் ஒரு சத்தம் கொடுத்தது. அவர் ரசீதைக் கிழித்து அம்சாவிடம் நீட்டினார். "நாளைக்கு வந்திருந்தீங்கன்னா இந்த மெஷினும் இருக்காது, நானும் இருக்க மாட்டேம்மா."

அனுப்பும் பொத்தான்

வீடு கிடைக்கும் என்று ஆனது. என் பயம் குறையவில்லை. பவித்ரா ஒருத்திதானா என்ற கேள்வி வந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் படத்தை மறைத்துப் படிக்க வைத்தேன். இன்னும் ஏழு பேர். அவர்களை எல்லாம் 'நன்றாகப் படிக்கிறார்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். போர்டு மேலிருந்த துணியை மடித்து அலமாரியில் வைத்தேன். எழுத்து எழுத்தாகப் பெரிதாகப் போட்டு, கூட்டி, பிரித்து, பிள்ளைகளைத் தொட்டு நகர்த்த வைத்தேன். டேப்லெட்டில் அவர்கள் குரலைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, எங்கே தடுக்கினோம் என்று அவர்களே சொன்னார்கள். வாயப்பயம் என்று படித்தால் சரி என்று நானே குறித்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் மெஷின் எடுத்த கணக்கை மேலே அனுப்ப வேண்டும். ஒரு பொத்தான்தான். படிக்கத் தெரிந்த பிள்ளையை எட்டு தடவை படிக்கவைத்து எட்டுப் பெயரில் பதிந்துவிட்டால் போதும். உங்களில் யாருக்கும் அந்த யோசனை வந்ததே இல்லை என்றால் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு வந்தது. அரை மணி நேரம் விரலை அந்தப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளதை உள்ளபடியே அனுப்பிவிட்டு, குற்றவாளி மாதிரி தலைமையாசிரியையின் அறைக்குப் போய் நின்றேன். அவர் முகம் வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அனுப்பிட்டீங்க இல்ல? சரி, கூப்பிட்டுக் கேட்டா ரெண்டு பேருமா போய் நிப்போம்."

எட்டு நாள்

ஆறு வாரத்தில் வீடு காலியானது. பெருங்குடியையும் தாண்டி, ஏழாவது மாடியில் வீடு, பவித்ராவுக்குப் புதுப் பள்ளிக்கூடம். அப்போதுதான் இரண்டெழுத்து வார்த்தைகளைக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள். தினமும் சாயங்காலம் நான் அம்சாவின் போனுக்கு நாலு வரி எழுதி அனுப்புவேன். அம்மா வேலை முடிந்து வந்ததும் பவித்ரா படித்து, குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும், மறுபடி மனப்பாடம் செய்துவிட்டாளோ என்று திருப்பிப் போட்டுக் கேட்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதில் வரவில்லை. திங்களும் இல்லை. போன் அணைந்தே கிடந்தது. அம்சா வேலைக்காக இன்னும் அடையாறுதான் வந்துபோகிறாள், எந்த வீடுகளுக்கு என்று எனக்குத் தெரியாது. அதிகாலையில் கிளம்பினால் இருட்டித்தான் வீடு. பிள்ளை அவ்வளவு உயரத்தில் தனியாக. பள்ளியை விட்டு நின்றிருப்பாளா? வேலைக்கு அனுப்பியிருப்பார்களா? எட்டாம் நாள் மறுபடி ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரே மாதிரி கட்டடங்களில் மூன்றில் ஏறி இறங்கி, நாலாவதில் கண்டுபிடித்தேன். மூச்சு வாங்க ஏழாவது மாடிக்குப் போனால் கதவு திறந்திருந்தது.

போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாம். அவ்வளவுதான் விஷயம். என் நம்பர் போனோடு போய்விட்டது. பவித்ரா தரையில் உட்கார்ந்து, புதுப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு கதைப் புத்தகத்தை அம்மாவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிக்கு நாலு தடவை நின்றாள். திரும்பிப் போனாள். ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, பிறகு பிடித்தாள். நான் வாசலிலேயே நின்று கேட்டேன். அம்சா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மகளைக் காட்டினாள். "முன்னாடி ரயிலு மாரி படிச்சிக்கினு போவா டீச்சர். இப்ப தடுக்கித் தடுக்கித்தான் போறா. அதனால நெசமாவே படிக்கிறான்னு நம்பிக்கினு கீறேன்."

பத்தொன்பது வருஷமாகத் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டு கவலைப்பட்ட எனக்கு, இப்போதெல்லாம் தடங்கலில்லாமல் படிக்கிற பிள்ளையைக் கண்டால்தான் பயமாக இருக்கிறது.