பெரிய பச்சைப் பட்டன்

மெஷின் அக்கா தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டாளாம். கம்ப்யூட்டர் படித்து ஏதோ ஆபீஸில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். இதைச் சொன்னவள் முடி வெட்டும் கடைக்காரி. கேட்டது மெஷின் அக்காவேதான். துண்டு துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தவள், தலையை வெளியே நீட்டினாள்.

"உன் கடைத் தரையில புரண்டுக்கிட்டிருக்கேன். இதுதான் அந்த ஆபீஸா?"

"நான் சொல்லலைக்கா. முடி வெட்ட வந்தவங்க ஒருத்தங்க சொன்னாங்க. உங்க வெப்சைட்டைப் பாத்துட்டுக் கூப்பிட்டாங்களாம். யாரோ ஒரு ஆம்பள எடுத்து, எங்களுக்கு எதுவும் வேணாம்னு வெச்சுட்டாராம்."

"நம்பரைத் தப்பா அடிச்சிருப்பாங்க," என்றாள் அக்கா. சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. அன்றைக்குப் பார்த்துச் சனிக்கிழமை வேறு.

பத்தொன்பது வருஷம் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பட்டறையில் வாஷிங் மெஷின் பழுது பார்த்தவள் அவள். எட்டு மாசத்துக்கு முன்னால் வேலையை விட்டு, தனியாகத் தொடங்கினாள். வந்ததெல்லாம் தெரிந்த முகங்கள்: இந்தக் கடைக்காரி, நாத்தனார், மேல்வீடு, கீழ்வீடு. நாத்தனார் மெஷின் எத்தனை தடவைதான் கெடும்? பழைய மேனேஜர் கூப்பிட்டு, "உங்க இடம் காலியாத்தான் இருக்கு, சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க" என்றிருந்தார். அக்கா மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் வெப்சைட்டைப் பார்த்துக் கூப்பிட்டால் போதும், திரும்பிப் போவதில்லை. யாருமே கூப்பிடவில்லை.

அந்த வெப்சைட்டுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? நூலகத்து மாடியில் செவ்வாய்க்கிழமை வகுப்பு, பத்து வாரம். மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற கை, விசைப்பலகையில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடி அலைந்தது. முதலில் செய்த பக்கம், அவள் மெஷினைப் பிரிக்கிற வரிசையிலேயே இருந்தது. மேல்மூடி, டிரம், பெல்ட், கடைசியில் பம்ப். அதற்கும் கீழே, அடி ஆழத்தில், போன் நம்பர்.

டீச்சர் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, என் வீட்டுல மெஷின் தண்ணி முழங்கால் அளவுக்கு ஏறிடுச்சு. நான் எப்ப உங்க நம்பருக்கு வந்து சேர்றது?"

அக்கா எல்லாவற்றையும் அழித்தாள். உச்சியில் பெரிதாக ஒரு பச்சைப் பட்டன் வைத்து, 'தண்ணி நிக்கலையா? அமுக்குங்க' என்று எழுதினாள். அமுக்கினால் நேரே போன் போகும். அதன் கீழே தன் படத்தைப் போடக் கூச்சப்பட்டு, பம்புகளுக்குள்ளிருந்து எடுத்த சாமான்களின் படத்தைப் போட்டாள். ஏழு கொண்டை ஊசி, இரண்டு சாவி, ஒரு பொய்ப்பல். வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

கடைக்காரியின் மெஷினை ஓட விட்டுவிட்டு அவள் வீடு வந்தபோது மணி பதினொன்றே முக்கால். பஸ் ஓட்டுகிற கணவருக்கு அன்று விடுமுறை. சமையலறை மேஜையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி எடுத்தார்.

"எங்களுக்கு எதுவும் வேணாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. "யாருங்க அது?"

"வாஷிங் மெஷின் விஷயமாங்கறான். ரெண்டு வாரமா இதே ரோதனை. ஊருல வேற வீடே இல்லாத மாதிரி, உன் வீட்டுக்கே மெஷின் விக்க வர்றானுங்க பாரு."

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பட்டனைச் சரிபார்த்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. தன் போனிலிருந்து தனக்கே கூப்பிட முடியாதே என்று, சோதனைக்காக அவர் நம்பரைப் போட்டாள். அமுக்கியதும் அடுத்த அறையில் அவர் போன் அடித்தது. அந்தச் சந்தோஷத்தில் நம்பரை மாற்ற மறந்தே போனாள். பட்டன் மேலே வெறும் எழுத்துதான், நம்பர் தெரியாது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

"எத்தனை பேருங்க கூப்பிட்டாங்க?"

"ஒரு பதினொரு பேரு இருக்கும். ஒரு பாட்டியம்மா மூணு தடவை கூப்பிட்டாங்க. பாவம், இந்த வயசுலயும் விக்க வர்றாங்களேன்னு கொஞ்சம் மரியாதையாத்தான் வெச்சேன்."

அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது. "ஐயோ, ஒருத்தன்கிட்ட போலீஸ்ல சொல்லிடுவேன்னு வேற சொன்னேனே" என்றார், சின்னக் குரலில்.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பதினொரு பேர். ஒருத்தரும் நாத்தனார் இல்லை. லேப்டாப்பை இழுத்துத் திறந்து, ஒற்றை விரலால் தன் நம்பரை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினாள். பக்கத்தில் அவர் போனில் கூப்பிட்டவர்களின் நம்பர்களைத் திறந்து வைத்துக்கொண்டாள். முதலில் திருப்பிக் கூப்பிட வேண்டியது அந்தப் பாட்டியம்மாவை.

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. திரையில் மேனேஜர். சுவரில் மணி பன்னிரண்டு.

"நான் எடுத்துச் சொல்லட்டுமா?" என்றார் கணவர், வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டே.

"நீங்க போன் எடுக்கற அழகைத்தான் பாத்தாச்சே. வெங்காயத்தைப் பாருங்க."

அவள் கண் லேப்டாப்பிலேயே இருந்தது. இன்னும் நாலு எண் பாக்கி. வெங்காயத் தோல்களுக்கு நடுவே போன் அடித்துக்கொண்டே இருந்தது.