தேத்தண்ணியில் ஓடிய சைக்கிள்

கரண்டில் ஓடுகிற சைக்கிள் வாங்கப் போன அன்று கடைக்காரரிடம் நான் கேட்ட கேள்விகளை என்ரை மனுசன் இன்னமும் வாற போற ஆட்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறார். மழையில் நனைந்தால் கரண்ட் அடிக்குமா? மின்னலை இழுக்குமா? நாய் வயரைக் கடித்தால் பழுதாகிறது சைக்கிளா, நாயா? கடைக்காரர் பொறுமைசாலி. எல்லாவற்றுக்கும் "இல்லை அக்கா, பயப்பிடாதைங்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், நாய்க் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

கேட்காமல் என்ன செய்கிறது? அந்தச் சைக்கிளில்தான் என்ரை வேலையே தங்கியிருந்தது. வீடு புத்தூரில். வேலை மானிப்பாயில், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அங்கே சீனி வருத்தக்காரர் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஏழேகாலுக்கு அவர்களுக்கு ஊசி போடுவார்கள். போட்ட கையோடு சாப்பாடு முன்னால் இருக்க வேண்டும். அதனால் நான் ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஆனால் ரவுணுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இரண்டும் தங்கடை எண்ணத்துக்குத்தான் வரும். ஒருநாள் பொறுப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார், இனி மூன்று தரம் பிந்தினால் கிட்டடியில் இருக்கிற ஆளைத்தான் பார்க்க வேண்டி வரும் என்று. கோபத்தோடு சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்த வேலை போனால் இன்னொரு இடத்தில் கொண்டுபோய்க் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் கிடையாது.

சைக்கிள் வந்ததும் முதல் வேலையாகக் கோயிலுக்குக் கொண்டு போனோம். ஐயர் பூசை செய்து, சந்தனம் பூசி, இரண்டு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார். "ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார். நான் திறப்பைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. ஐயர் காத்துக்கொண்டு நின்றார். நானும் காத்துக்கொண்டு நின்றேன். "இன்னும் ஸ்டார்ட் வரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கைபிடியை நன்றாகத் திருகினேன். தேசிக்காய் இரண்டும் நசிந்ததை நான் பார்க்கவில்லை, மற்றவர்கள் பார்த்தார்களாம். நான் வாசலடிப் பூக்கடையின் மல்லிகைக் கூடைக்குள் முன்சில்லை விட்டுக்கொண்டு நின்றேன். சாமிக்குப் போக வேண்டிய பூ நேரே சைக்கிளுக்குப் போனதால் இனி ஒரு குறையும் வராது என்றார் என்ரை மனுசன்.

குறை பூவால் வரவில்லை, புத்தகத்தால் வந்தது. சைக்கிளோடு தந்த புத்தகம் முழுக்க இங்கிலிஷ். எனக்கு விளங்கியது படங்கள் மட்டும்தான். ஒரு படத்தில் ஒரு ஆள் கட்டிலில் நித்திரை, பக்கத்தில் பற்றறி சார்ஜாகிறது, மேலே கூடாது என்று பெரிய சிவப்புப் புள்ளடி. அது போதும் எனக்கு. பின்னேரம் வந்ததும் சார்ஜில் போட்டுவிட்டு, கதவடியில் கதிரையைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே மரக்கறி வெட்டுவேன். படுக்கப் போக முதல் கழற்றிவிடுவேன். அதனால் அந்தப் பற்றறி ஒருநாளும் நிரம்பவில்லை. ஐந்து கோடு காட்ட வேண்டிய இடத்தில் காலமை நாலு கோட்டோடு வெளிக்கிடுவேன். கடைக்காரர் ஒரு சார்ஜுக்கு ஐம்பது கிலோமீற்றர் சொன்னார். நான் இருபத்தைந்தைத்தான் நம்பினேன், எனக்குப் போய்வர முப்பது வேண்டும்.

ஆனால் ஓட்டம் சுகம். அதை மறைக்கக் கூடாது. நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குள்ளால் காலமைக் குளிரோடு வரும்போது ஒரு சத்தமும் கேட்காது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர்ச் சத்தத்தைத் தவிர. எதிர்க்காற்றுக்கு மிதிக்கத் தேவையில்லை. எனக்கு முன்னால் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போன ஒருவரைச் சும்மா இருந்தபடி முந்தினேன். அவர் என்ரை காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். எனக்கே வெட்கமாகிப் பொய்யாக நாலு மிதி மிதித்தேன்.

உரும்பிராய்க்கு வரும்போது நாலு கோடு மூன்றாகிவிடும். அங்கேதான் மிச்ச வழிக்குப் போதுமோ என்று பயம் பிடிக்கும். அதற்கும் முன்கூட்டியே ஒரு வழி செய்து வைத்திருந்தேன். உரும்பிராயில் றோட்டுக்கரையில் என்ரை மச்சாள் ஒருத்தி இருக்கிறாள், வீட்டில் வைத்துச் சட்டை தைப்பவள். சைக்கிள் வாங்குவதற்கு முதல் கிழமையே போய், அந்தரம் ஆபத்துக்கு உன்ரை வீட்டுப் பிளக்கைத் தருவியா என்று கேட்டிருந்தேன். தன்னிடம் கேட்டேனே என்று மச்சாளுக்கு நல்ல புளுகம். தையல் மெசினுக்குப் போகிற வயரை நீட்டி, வாசல் படலைத் தூண் வரைக்கும் கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

ஆனால் எங்கடை ஊரில் ஒரு வீட்டுக் கரண்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமல் போக முடியுமா? பத்து நிமிசம் சார்ஜ் என்று நிற்பேன். தேத்தண்ணி வரும். தேத்தண்ணி தனிய வராது, பிஸ்கற் வரும். பிஸ்கற்றுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கதை வரும். கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினால் மரியாதையில்லை. முதல் கிழமையிலேயே ஒரு தரம் பிந்தினேன். அடுத்த கிழமை இன்னொரு தரம். பஸ்ஸிலே போன காலத்தில்கூட இவ்வளவு அடுத்தடுத்துப் பிந்தியதில்லை. இரண்டாம் தரம் உள்ளே போனதும் பொறுப்பாளர் அம்மாவைத்தான் கண்டேன். தானே நின்று இடியப்பம் பரிமாறிக்கொண்டிருந்தார். அது ஏச்சு வாங்குவதைவிட மோசம்.

வீட்டுக்கு வந்து அழாக்குறையாகச் சொன்னேன். என்ரை மனுசன் ஆறுதலாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பத்து நிமிசத்திலை பற்றறிக்கு ஒரு மிடறுதான் போயிருக்கும். மிச்சம் முழுக்க நீதான் குடிச்சிருக்கிறாய்."

அடுத்த நாள் பின்னேரம் மழை பிடித்தது. முதல் இடிக்கே வீட்டில் இருக்கிற பிளக் எல்லாவற்றையும் கழற்றினேன், சைக்கிளுடையதையும். பிறகு கரண்டே நின்றுவிட்டது. காலமை திறப்பைத் திருப்பினால் இரண்டு கோடு. பஸ்ஸில் போவோம் என்று நினைத்தால் அதுவும் போயிருந்தது. இன்றைக்குப் பிந்தினால் மூன்றாம் தரம். நான் ஏறி இருந்துவிட்டேன்.

உரும்பிராய் வளைவு திரும்பும்போதே தெரிந்தது. மச்சாள் படலையடியில் நிற்கிறாள். ஒரு கையில் மூடிய கோப்பை, மற்றக் கையில் வயர் நுனி. எனக்கு இரண்டு பயமும் ஒன்றாக வந்தது. நிறுத்தினால் வேலை போகும். நிறுத்தாவிட்டால் பாதி வழியில் சைக்கிள் செத்துப்போகும், அங்கே பிளக் தர ஒரு மச்சாளும் இல்லை. பிறேக்கில் கை போனதுதான். அந்த மூடிய கோப்பையைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் வரப்போகிற பிஸ்கற்றும் கதையும் சேர்ந்து தெரிந்தன. கையை எடுத்தேன்.

"பின்னேரம் வாறன் மச்சாள்!"

"நில்லடி, ஊத்திப்போட்டன்!"

திரும்பிப் பார்க்கவில்லை. கோண்டாவிலில் ஒரு கோடாகியது. சுதுமலையில் அந்த ஒன்றும் மினுங்கத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு, இந்த முறை உண்மையாகவே மிதித்தேன். கனத்த சைக்கிள், கால் நோவெடுத்தது. இல்லத்து வாசலில் இறங்கும்போது அந்தக் கோடு அப்போதும் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. சாகவில்லை. சமையலறை மணிக்கூட்டில் ஏழுக்கு ஐந்து நிமிசம் இருந்தது.

பொறுப்பாளர் அம்மா மணிக்கூட்டையும் பார்த்து என்னையும் பார்த்தார்.

"என்ன, இண்டைக்குச் சைக்கிள் பழுதோ? நேரத்துக்கு வந்திட்டீங்கள்."

ஊசி போட்ட எல்லாருக்கும் சாப்பாடு வைத்து முடித்த பிறகு, திரும்பிப் போக வழியில்லாதபடியால், இரண்டு கிழமையாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். இங்கே ஒரு பிளக்கில் போடலாமா? அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எட்டு மணித்தியாலம் உங்கை சும்மாதானே நிக்குது. இவ்வளவு நாளும் ஏன் போடேல்லை?" என்றார். அப்போதே கொண்டுபோய்ப் போட்டேன். பின்னேரம் முதல் தரமாக ஐந்து கோட்டையும் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஏறாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உரும்பிராயில் இறங்கினேன். மச்சாள் மெசினில் இருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"கரண்ட் வேணுமெண்டால் வயர் உதிலை கிடக்கு."

"வேண்டாம். ஐஞ்சு கோடும் இருக்கு."

மெசின் நின்றது. "அப்ப என்னத்துக்கு வந்தனீ?"

"காலமை ஊத்தினதைக் குடிக்க."

"அது ஆறிப்போச்சு," என்று சொல்லிக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போனாள். கேத்திலின் சத்தம் கேட்டது.

இப்போது காலமையில் நிற்கிறதில்லை, பின்னேரத்தில்தான். பக்கத்து வீட்டுக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டே போகிறேன். படலையடி வயரைக் கழற்றச் சொன்னேன், மழைக்கு ஆபத்து என்று. கழற்றிய மச்சாள், அது கட்டியிருந்த தூணுக்கும் முருங்கைக்கும் நடுவில் ஒரு கொடி இழுத்திருக்கிறாள். காலமை நான் கடந்து போகும்போது அதில் சட்டைத் துணிகள் காய்கின்றன. நான் மணி அடிப்பேன். உள்ளே மெசின் ஒரு கணம் நின்று, பிறகு ஓடும்.