விளக்குமாறு ஜெயிக்கும் தொகுதி

விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஓட்மார் ஷாய்ஃபெலே உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் மணி ஓய்வதற்குள் 'பொன் கடா' விடுதியின் மூலை மேசையில் அவருடைய தட்டு விழுந்துவிடும். மற்றவர்கள் தட்டினால் அது வணக்கம். ஓட்மார் தட்டினால் ஏதோ நீதிபதி சுத்தியலை இறக்கியதுபோல இருக்கும். கால் லிட்டர் சிவப்பு ஒயின் வரும். சிவப்பில் அவர் அனுமதிப்பது ஒயினை மட்டும்தான்.

முதல் மடக்கு உள்ளே போனதும் ஆள்காட்டி விரல் மேலே போகும். விட்டத்தில் இரண்டு ஆணிகளின் மேல் ஒரு விளக்குமாற்றுக் கட்டை கிடக்கும். குஞ்சம் கிடையாது, வெறும் கம்பு. பளபளவென்று கறுப்பு வண்ணம்.

"இந்தக் கிரேயன்பாக் தொகுதியில அந்தக் கட்டைய நிறுத்து. ஜெயிக்கும்."

எதிரே இருக்கும் அலாய்ஸ் ஓய்வுபெற்ற தபால்காரர். இதை எத்தனை ஞாயிறு கேட்டிருக்கிறாரோ, அத்தனை முறையும் தலையாட்டியிருக்கிறார். அது சம்மதமா, தூக்கமா என்று ஓட்மார் விசாரித்ததில்லை.

தென் ஜெர்மனியில் ஷ்வாபியர்களின் அந்த ஒயின் மலைச் சரிவில் கட்சிகளை நிறத்தை வைத்துத்தான் சொல்வார்கள். பழமைவாதிகள் கறுப்பு, சமூக ஜனநாயகக்காரர்கள் சிவப்பு, சுற்றுச்சூழல்காரர்கள் பச்சை. கிரேயன்பாக் கறுப்பு. ஓட்மார் பெயின்ட் கடை நடத்தியவர். கடையைக் கைமாற்றிவிட்ட பிறகும் கட்டைவிரல் நகத்தில் கொஞ்சம் கறுப்பு எப்போதும் இருக்கும். அது வண்ணமா அழுக்கா என்று அவர் மனைவி ரோஸ்விதாவே இன்றுவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

ஒயின் இரண்டாம் கோப்பைக்கு வந்தால் பாராயணம் தொடங்கும். போருக்குப் பிறகு இந்தத் தொகுதி ஸ்டுட்கார்ட் சட்டசபைக்கு அனுப்பிவைத்த மாமணிகளின் வரிசை அது. முதலில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். சபையில் அவர் வாய் திறந்தது கொட்டாவிக்கு மட்டும். ஆனால் அந்தக் கொட்டாவியில் முன்வரிசை அமைச்சர் ஒருவரின் குறிப்புத் தாள்களெல்லாம் பறந்து போய்விட்டதாம். அடுத்து ஒரு மாட்டு டாக்டர். ஊருக்கு வெளியே சுற்றுச்சாலை வரும் என்று முதலில் வாக்குக் கொடுத்தவர் அவர்தான். அவருக்குப் பின் வந்த பத்திரப் பதிவாளரும் அதே சாலையைக் கொடுத்தார். அதற்கடுத்த சர்க்கரை வியாபாரியும் கொடுத்தார். சாலை வரவில்லை. சாலையைக் காட்டும் கைகாட்டிப் பலகை மட்டும் வந்தது. அது ஒரு கோதுமை வயலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஜெயித்த அன்று நன்றி சொல்ல மேடையேறி, பக்கத்துத் தொகுதியின் பெயரைச் சொல்லி நன்றி கூறிவிட்டு இறங்கினார். கைதட்டல் அடங்கவில்லை. அந்த வாரம்தான் ஓட்மார் தன் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு கம்புக்குக் கறுப்பு அடித்து, காய வைத்து, விடுதி விட்டத்தில் ஏற்றினார். கேலிக்காக என்று நினைக்காதீர்கள். பெருமைக்காக. விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம் கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஓட்மார் குஞ்சமே வேண்டாம் என்று முடிவு கட்டியவர்.

இந்த ஜெயிப்புகளில் அவர் பங்கு என்ன என்று கேட்டால் ஏணியைக் காட்டுவார். தேர்தல் வந்தால் விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஏறி, பச்சைக்காரர்களின் தட்டிக்கு ஒரு சாண் மேலே தன் கட்சித் தட்டியைக் கட்டுவார். "மேல இருக்கிறவன்தான் ஜெயிப்பான். இதுதான் அரசியல்." வாத்தியாரை உண்டாக்கியது தான், சர்க்கரை வியாபாரியை உண்டாக்கியது தான் என்று அவர் உளமார நம்பினார். காலையில் கூவிய சேவல் சூரியனிடம் கூலி கேட்கிற கதைதான்.

ஒருமுறை தலைநகரத்தில் தொகுதி எல்லைகளைத் திருத்தினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் முளைத்திருந்த புதுக் குடியிருப்பைக் கிரேயன்பாக்கோடு சேர்த்தார்கள். கார்த் தொழிற்சாலை எஞ்சினியர்களும் கார் வேண்டாமென்று சைக்கிளில் போகும் குடும்பங்களும் நிறைந்த பேட்டை. ஓட்மார் விடுதியில் எல்லோருக்கும் ஒரு சுற்று ஒயின் வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒரு சம்பவம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "எல்லை பெருசானா ஜெயிப்பும் பெருசாகும், அலாய்ஸ். புதுசா வர்றவனும் நம்ம தண்ணியைக் குடிச்சா கறுப்பாயிடுவான்."

போன தேர்தலுக்கு முன் வாத்தியார் முட்டிவலி என்று ஒதுங்கினார். அடுத்து யார் என்று கட்சிக் கூட்டத்தில் கேட்டபோது, இளவட்டங்கள் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். ஒருவனுக்குக் கைக்குழந்தை, ஒருவனுக்கு வேலை மாற்றம், ஒருவனுக்குக் காரணமே இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்குள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓட்மாருக்கு மூக்குக்குப் பதில் மீசைதான். எழுந்து நின்றார்.

ஜெயித்தால் பாராயணத்தில் அடுத்த பெயர் அவருடையது. தோற்றால் இந்தத் தொகுதியில் தோற்ற முதல் கறுப்பு அவர்தான். அந்த இரண்டாவது பாதியை அவர் யோசிக்கவே இல்லை.

தட்டிகள் வந்தன. அவர் முகம், மீசை, கீழே மூன்றே சொல்: 'ஓட்மார். எப்போதும் போல.'

எதிரில் பச்சைக் கட்சிக்காக நின்றவர் ஃபிரீடரிகே என்ற பல் மருத்துவர். அக்கரைக் குடியிருப்பில் வீடு, பூர்வீகம் ஹாம்பர்க். ஓட்மாருக்கு அது போதும். "வடக்கத்திக்காரி. பல்லைப் புடுங்கட்டும், தொகுதியைப் புடுங்க முடியாது," என்றார். அந்த வசனத்தில் அவருக்கே மயக்கம். இரண்டு கூட்டங்களில் சொன்னார்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில் ரோஸ்விதா இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு வந்து சேர்ந்தார். அந்த ஞாயிறே பெருக்கு வாரப் பலகை அவர்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடிக்கு வந்தது. அது ஒரு சின்ன மரப்பலகை. எந்த வீட்டுக் கைப்பிடியில் தொங்குகிறதோ, அந்த வீட்டார் சனிக்கிழமை மாலைக்குள் பொது மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் பெருக்கியாக வேண்டும். பிறகு பலகை அடுத்த வீட்டுக்குப் போகும். ஷ்வாபியாவில் திருமண ஒப்பந்தம் முறியலாம், கூட்டணி முறியலாம். பலகை மட்டும் முறை தவறாது.

இத்தனை வருஷமாகப் பெருக்கியவர் ரோஸ்விதா. ஓட்மார் தம் வாழ்நாளில் விளக்குமாற்றைத் தொட்டது வண்ணம் அடிப்பதற்காக மட்டும்தான்.

"ஏங்க, நம்ம வாரம்," என்றார் ரோஸ்விதா படுக்கையிலிருந்து.

"நான் நாட்டு வேலையா அலையறேன், நீ வாசலைப் பேசறே."

"வாசலும் நாட்டுலதானே இருக்கு?"

ஓட்மார் ஒன்று செய்தார். பலகையைக் கழற்றி, கீழ் வீட்டு வால்ட்ராவுட் அம்மாளின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கூட்டத்துக்குக் கிளம்பினார். வால்ட்ராவுட் போன வாரம்தான் தன் முறையை முடித்திருந்த விதவை. கதவைத் திறந்து பலகையைப் பார்த்தார், படியில் இறங்குகிறவரின் முதுகைப் பார்த்தார்.

"ஷாய்ஃபெலே ஐயா, இது உங்க பலகை."

"ஒரே ஒரு வாரம்மா. தொகுதிக்காகத்தான். ஜெயிச்சதும் சுற்றுச்சாலை போட்டுத் தர்றேன்."

"அதைப் பெருக்கறது யாரு?"

ஓட்மார் கடகடவென்று சிரித்தார். அந்த அம்மாளும் தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார் என்று அவருக்கு நினைப்பு.

வால்ட்ராவுட் சண்டை போடவில்லை. சனிக்கிழமை படியைப் பெருக்கினார், நடைபாதையைப் பெருக்கினார், கைகழுவிவிட்டு பேக்கரிக்கு ரொட்டி வாங்கப் போனார். அவ்வளவுதான். பேக்கரி வரிசையில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாராம். "வேட்பாளர் பலகையை என் கதவுல மாட்டிட்டுப் போயிட்டாரு." அந்த வாக்கியம் ரொட்டிப் பைகளோடு நாலு தெருவுக்குப் போனது. சாயங்காலம் பாலம் தாண்டியது. மறுநாள் பூசையில் பாதிரியார் வீண் பேச்சைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது.

அக்கரையில் அந்தப் பல் மருத்துவர் சனிக்கிழமை தவறாமல் தன் நடைபாதையைப் பெருக்குவதை அப்போதுதான் இக்கரைக்காரர்கள் கவனித்தார்கள். "மூலைகூட விடாம பெருக்குதுப்பா," என்று பேக்கரியில் பேச்சு. "வடக்குலேர்ந்து வந்தாலும் வளர்ப்பு நல்லா இருக்கு." சுற்றுச்சாலை, பள்ளிக்கூடம், வரி, எதைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. இதுதான் ஜனநாயகம் என்று சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

தேர்தல் ஞாயிறு மாலை விடுதியில் உட்கார இடமில்லை. ஓட்மார் புதுக் கோட்டில் வந்து இரண்டு தட்டுத் தட்டி அமர்ந்தார். பருப்பும் ஸ்பெட்ஸ்லே என்கிற மாவுச் சேவையும் வந்தன. அலாய்ஸ் தன் கைப்பேசியில் ஒவ்வொரு வாக்குச்சாவடியாகப் படித்தார். அக்கரை போயிற்று. அது போகட்டும் என்று ஓட்மார் கை வீசினார். மேட்டுத்தெரு போயிற்று. கோயில் தெரு போயிற்று. அப்புறம் அலாய்ஸ் படிப்பதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"படியேன்டா."

"உன் தெரு, ஓட்மாரு."

"என் தெருவுக்கு என்ன?"

"உன் தெருவும்தான்."

ஒவ்வொருவராக அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்கள். யாரும் வேண்டுமென்று பார்க்கவில்லை, கழுத்து தானாகப் போயிற்று. அலாய்ஸ்தான், இத்தனை வருஷம் தலையாட்டியதற்கெல்லாம் சேர்த்து, மெதுவாகச் சொன்னார்.

"அதையே நிறுத்தியிருக்கலாம்."

ஓட்மார் எழுந்தார். தட்டிவிட்டுத்தான் விடைபெறுவார், அன்று தட்டவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, "எல்லையை மாத்தினதுதான் காரணம். ஸ்டுட்கார்ட்காரனுங்க சதி. எல்லை எல்லையா இருந்தா இது நடக்குமா?" என்றார். அந்த எல்லைக்கு அவர் வாங்கிக் கொடுத்த ஒயினைக் குடித்த வாய்களே எதிரில் இருந்தன. அவை ஸ்பெட்ஸ்லேயை மென்றன.

அடுத்த சனிக்கிழமை காலை ஓட்மார் பால் எடுக்கக் கதவைத் திறந்தார். கைப்பிடியில் பெருக்கு வாரப் பலகை தொங்கியது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது பளபளக்கும் அந்தக் கறுப்புக் கட்டை. கீழே புத்தம் புதிய குஞ்சம் பொருத்தியிருந்தார்கள். யார் வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரே கைதூக்கியிருக்கும்.

"ஏங்க, நம்ம வாரம்," என்றார் உள்ளே ஊன்றுகோலோடு நின்ற ரோஸ்விதா.

படியை எப்படிப் பெருக்கினார் என்பதை விட்டுவிடலாம், அவர் கீழேயிருந்து மேலே பெருக்கினார். நடைபாதைக்கு வந்தபோது வால்ட்ராவுட் அம்மாளின் ஜன்னல் திரை ஒரு விரல் விலகியது. கம்பத்தில் அவர் முகமே 'எப்போதும் போல' என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்மார் குனிந்து, மூச்சு வாங்க, சருகும் மண்ணும் ஒரு குவியலாகச் சேர்த்தார். அள்ளுவதற்கு முறம் கொண்டுவரவில்லை.

அவர் வீட்டு நடைபாதை முடிந்து அடுத்த வீட்டு நடைபாதை தொடங்கும் இடத்தில் கல்லில் ஒரு கோடு ஓடுகிறது. ஓட்மார் தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குவியலைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டு, பின்தங்கிவிட்ட ஒரு சருகை மட்டும் செருப்பு முனையால் மெல்ல எல்லை தாண்டச் செய்தார்.